அந்த மூன்று கேசட் மட்டும்

பாளையங்கோட்டை
8-11-2011

அன்பு மகள் வள்ளிக்கு அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். அங்கு உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

பார்சலில் பதினோரு டிவிடி இருக்கும், நம் பழைய வீடியோ கேசட்டுகளிலிருந்து ஏற்றியது. எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள். எல்லாவற்றிலும் மார்க்கரால் வருஷம் எழுதியிருக்கிறேன். நீ அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடாதே, கீறினால் போச்சு. வெயில் படுகிற இடத்திலும் வைக்காதே. இன்னொன்று, உங்கள் ஊர் டிவிடி பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு ஓடவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதே. நம் கேமரா மஸ்கட்டில் வாங்கியது, பால் (PAL) என்கிற வீடியோ முறை. நொடிக்கு 25 படம். உங்கள் அமெரிக்காவில் என்டிஎஸ்சி, கிட்டத்தட்ட 30 படம். அங்குள்ள பிளேயர் பலதும் இதை ஏற்காது. கம்ப்யூட்டரில் போட்டால் ஓடும். கம்ப்யூட்டரிலேயே பார்.

மொத்தம் பதினான்கு கேசட். எல்லாம் எட்டு மில்லிமீட்டர், தொண்ணூறு நிமிஷம். மஞ்சள் டப்பாவில் இத்தனை வருஷம் பரணில் கிடந்ததற்கு அம்மா என்னைத்தான் சொல்லுவாள். இரண்டில் பூஞ்சை. டேப் ஓரத்தில் மாவு தூவினாற்போல வெள்ளையாய் இருந்தது. ஓட்டிப் பார்க்க எனக்கே ஆசைதான், ஆனால் ஓட்டினால் அது கேமரா ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுகளையும் கெடுத்துவிடும். இன்னொன்றை முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். முறுக்கிக் கசக்கித் திருப்பித் தந்தார்கள். கேட்டதற்கு, பழைய டேப் சார், அப்படித்தான் என்கிறான். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி நானே செய்வது என்று.

நம் கேமராவில் ரப்பர் ரோலர் இளகி அல்வா மாதிரி ஆகிவிட்டது. டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிற தம்பி ஒரு டிஜிட்டல்8 கேமரா இரவல் கொடுத்தான். அந்த வகையில் சில மாடல்கள்தான் பழைய எட்டு மில்லிமீட்டர் கேசட்டையும் ஓட்டும், நல்லவேளை இது ஓட்டியது. ஒரே ஒரு மெல்லிய ஒயர். அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் படமும் சத்தமும் சேர்ந்தே இறங்கும். எனக்கென்ன, எல்லாம் சுலபம் என்று உட்கார்ந்தேன். இருபது நிமிஷம்கூட ஆகாது, நின்றுவிடும். மறுபடி ஆரம்பித்தால் மறுபடியும் அதே இடம். நாலு நாள் டேப்பைத் திட்டினேன், ஒயரைத் திட்டினேன், அம்மா மிக்சி போட்டதால்தான் என்று அவளையும் திட்டினேன். கடைசியில் எதிர்வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பையன் வந்து பார்த்துவிட்டு, தாத்தா, உங்க ஹார்ட் டிஸ்க் ஃபேட்32, ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது என்றான். ஒரு மணி நேரப் படம் 13 ஜிபி ஆகுமாம். மாற்றிக் கொடுத்தான். உன்னிடம் போனில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாய். நீ பேசுகிற அந்த ஐந்து நிமிஷத்தில் எதைக் கேட்பது?

தீபாவளியன்றும் ஐந்து நிமிஷம்தான். முன்பெல்லாம் ஸ்கைப்பில் வருவாய், இப்போது குரல் மட்டும். அம்மா கேட்கிறாள், பிள்ளை இளைத்திருக்கிறாளா என்று. குரலைக் கேட்டு நான் என்ன சொல்ல? இரண்டாவது முறையாகப் பதவி உயர்வு வந்ததையே பெரியத்தான் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சந்தோஷம். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். நேரத்துக்குச் சாப்பிடு.

இதில் குறுக்கு வழி கிடையாது வள்ளி. தொண்ணூறு நிமிஷக் கேசட் இறங்கத் தொண்ணூறு நிமிஷம். பகலில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, யுபிஎஸ் கால் மணிகூடத் தாங்காது. அதனால் ராத்திரி பத்துக்கு மேல் ஆரம்பிப்பேன். டேப் இடையில் சிக்கினால் நிறுத்த வேண்டுமே, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இறங்கியதை டிவிடிக்கு ஏற்றாற்போல மாற்ற விட்டுவிட்டுப் படுத்தால் விடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்க் உறையில் 16எக்ஸ் என்று போட்டிருந்தாலும் 4எக்ஸில்தான் எழுதினேன். வேகமாக எழுதிய இரண்டு டிஸ்க்கில் படம் தடுக்கியது.

ஆனித் தேரோட்டம் நன்றாக வந்திருக்கிறது, 1993. ஆச்சி பேசுகிற இடம் நாலு நிமிஷம் மட்டும் தப்பியது. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்தவள், அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொரு டிஸ்க்கில் பதினோரு நிமிஷம் வெறும் தரையும் என் செருப்பும்தான். நிறுத்த மறந்துவிட்டு நடந்திருக்கிறேன். அதை வெட்டவில்லை, சிரித்துக்கொள்.

ஐந்தாம் நம்பர் டிஸ்க்கைப் பார்த்தாயானால், அது 1992, தாத்தாவின் சதாபிஷேகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ தேவாரம் பாடியது. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதுகூட இதைத்தான் போட்டுக் காட்டினேன், ஞாபகம் இருக்கும். எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன். ஆனால் எப்போதும் நீ பாடுகிற இடத்தில்தான் ஆரம்பிப்பேன். அதற்கு முந்திய ஒரு நிமிஷத்தை இப்போதுதான் முழுதாகக் கேட்டேன்.

அந்தக் கேமராவில் மைக் லென்சுக்கு மேலேயே இருக்கும். எதிரில் இருப்பவர் பேசுவது சன்னமாகத்தான் விழும், பிடித்துக்கொண்டிருப்பவன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டேன். நீ "வேண்டாம்ப்பா" என்கிறாய். அப்புறம், "தொண்ட கட்டியிருக்குப்பா, வேண்டாம்." மூன்றாவது தடவை வாய் அசைவதுதான் தெரிகிறது. அதன்மேல் என் சத்தம்: "ஏட்டி, எல்லாரும் பாக்காங்கல்லா, பாடு." நீ தலையைக் குனிந்துகொண்டு பாடுகிறாய். பதின்மூன்று வயது. கேமரா கொஞ்சம்கூட ஆடவில்லை, அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறேன்.

ராத்திரி ஒரு மணிக்கு அதை நாலைந்து தடவை ஓட்டினேன்.

2003 மே மாதம், நிச்சயத்துக்கு முந்தின நாள், மொட்டை மாடியில் வடகம் எடுக்க வந்த என்னிடம் நீ ஒன்று சொன்னாய். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு, சமையல்காரன் வந்துட்டான்மா என்று இறங்கிவிட்டேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய், அல்லது அப்படி நினைத்து மனதைத் தேற்றியிருப்பாய். கேட்டது வள்ளி. முழுதாகக் கேட்டது. சமையல்காரன் சாயங்காலம்தான் வந்தான். இதை உன் அம்மாவிடமும் இதுவரை சொன்னதில்லை.

புரட்டாசியில் பேசும்போது, கல்யாண கேசட் மூன்றும் விஎச்எஸ், அதை ஓட்டுகிற டெக் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "அது மட்டும் வேண்டாம்ப்பா" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு டெக் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். கிடைத்துவிட்டது, போன வாரமே. திருப்பிக் கொடுத்துவிட்டேன். கேசட் மூன்றும் பீரோவில் என் வேட்டிக்கு அடியில் இருக்கின்றன. நீ சொல்லாமல் அவற்றைத் தொட மாட்டேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்ல வேண்டாம். டிஸ்க்கை வெயிலில் வைக்காதே. ஒரு பிரதியை நம்பியிருக்காதே, அங்கே ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றி வைத்துக்கொள். இங்கேயும் ஒரு செட் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. நீ எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன். இந்த வேலையில் ராத்திரி விழித்துப் பழகிவிட்டது.

கம்ப்யூட்டரை இதுவரை உன் அறையில்தான் வைத்திருந்தேன். ஒயரும் கேசட்டுமாய்க் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தது. நேற்று எல்லாவற்றையும் ஹாலுக்கு மாற்றிவிட்டேன். எதிர்வீட்டுப் பையன் ஒரு கை பிடித்தான். உன் கட்டிலை மறுபடி ஜன்னலோரம் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறோம். மெத்தை வெயிலில் காய்கிறது.

இப்படிக்கு,
அன்புடன்
அப்பா