உள்ளங்கையில் ஒரு ராஜா

அன்புள்ள சுந்தரம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். இங்கே மழை, மாடி ஒழுகல், பேரனின் சேட்டை எல்லாம் வழக்கம்போலத்தான்.

வாழ்நாளெல்லாம் சாரத்தில் ஏறி நின்று கட்அவுட் வரைந்தவன் நீ. உனக்கு நேர் எதிரான ஒருத்தரைப் பிடித்து வைத்திருக்கிறேன். வின்சென்ட்டி லெஸர். 1745இல் பிறந்தவர், போலந்தின் கடைசி அரசர் ஸ்டானிஸ்வாவ் ஆகஸ்ட் என்பவரின் அவையில் சிற்றோவியர். குரு பச்சியரெல்லி இத்தாலிக்காரர். வார்சா அரண்மனைக்குள்ளேயே ஓவியக்கூடம் நடத்தியவர். குரு ஆளுயரத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய முகத்தைச் சீடர் உள்ளங்கைக்குள் அடக்குவார்.

எதன்மேல் தெரியுமா? யானைத் தந்தத்தை மெல்லிய தகடாக அறுத்து, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, வழுக்காதபடி தேய்த்து, அதன்மேல் நீர்வண்ணம். ஈரத்தூரிகையால் ஒரே இடத்தை இரண்டு முறை அழுத்தினால் அடியில் இருக்கும் வண்ணம் பெயர்ந்து வந்துவிடும். அதனால் முகம் முழுக்கப் புள்ளியும் மயிரிழைக் கோடும்தான். கன்னத்தில் வண்ணத்தை லேசாக விட்டால் தந்தமே உள்ளிருந்து தோலாக ஒளிர்கிறது. உடுத்தியிருக்கும் மேலங்கிக்குத்தான் கெட்டி வண்ணம்.

இந்தப் படங்கள் பொடி டப்பி மூடியிலும் மோதிரத்திலும் பதக்கத்திலும் ஏறும். அரசர் பரிசாகக் கொடுப்பார். 1764இல் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுத்த ராஜா அவர். பரம்பரைப் பாத்தியதை கிடையாது. தன் முகம் நாலு பேர் சட்டைப்பையில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம். ஒன்றும் உதவவில்லை. 1772, 1793, 1795 என்று மூன்று தவணையாக அண்டை நாடுகள் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. முடி துறந்த ராஜா 1798இல் பீட்டர்ஸ்பர்க்கில் கண்ணை மூடினார். லெஸர் 1813 வரை இருந்தார்.

குருவைப் பார்த்துக் காப்பியடித்தவர்தானே என்று கேட்பாய். மனுஷன் ஆளை உட்காரவைத்தும் வரைந்திருக்கிறார். தவிர, அத்தனை பெரிய முகத்தைச் சுருக்கும்போது எந்தச் சுருக்கத்தை விடுவது, எந்த இமை மடிப்பை வைப்பது என்பதைக் குருவா வந்து சொல்வார்? ஸ்டில் போட்டோவைக் கட்டம் போட்டுப் பெருக்கியவன் நீ, உனக்குத் தெரியாததா!

நானும் ஒன்று முயன்று பார்க்கப்போகிறேன். தந்தத்தைத் தொட இன்று சட்டம் விடாது, வழுவழுப்பான கெட்டி அட்டை போதும். உன் பழைய அணில் மயிர்ப் பிரஷ்களில் மெல்லியதாக இரண்டு இருந்தால் கூரியரில் அனுப்பு. கமலாவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்,
நடராஜன்