பெயரைக் கேட்டவர்களுக்கும் சொன்னவர்களுக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெண்கள் வாக்குரிமை வரலாற்றுக் கண்காட்சி முடிந்து, பலகைகளைக் கழற்றி, நூலகத்து நாற்காலிகளைப் பழைய இடத்தில் போட்டாகிவிட்டது. நன்றி சொல்ல இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு முதலில் மன்னியுங்கள். யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று பெயர்ப்பட்டியல் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதிய பிறகுதான், உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. வாக்காளர் பட்டியலில் சொந்தப் பெயரோடு ஏறுவதற்குப் பெண்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, உதவியவர்களைப் பெயரில்லாமல் குறிப்பிட வேண்டியிருக்கிறதே என்று சிரிப்புத்தான் வந்தது. ஆகவே ஆளைச் சொல்லாமல் வேலையைச் சொல்கிறேன். அவரவருக்குத் தெரியும்.

முதலில் இடம். நாங்கள் முன்பதிவு செய்திருந்த கூடத்தார், தொடக்க நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கையை விரித்துவிட்டார்கள். அழைப்பிதழில் ‘வாக்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் அரசியல் கூட்டம் என்று நினைத்துவிட்டார்கள் போலும். எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்ப்பதில்லை, யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்தும் பயனில்லை. அன்று மாலையே நூலகர் தொலைபேசியில் அழைத்தார். வாசிப்புக் கூடத்தின் பின்பாதியும் நடைவழியும் உங்களுக்குத்தான், ஆனால் படிப்பவர்கள் இருக்கும் நேரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்றார். ஆணி அடிக்காமலே முடித்தோம். எல்லாம் நூலும் கவ்வியும்தான். அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

வந்தவர்கள் அதிகம் பேசியது அந்தக் காகிதச் சுருளைப் பற்றி. அதன் கதை 1893ஆம் ஆண்டு நியூசிலாந்தில் தொடங்குகிறது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நாடெங்கும் திரட்டிய கையெழுத்துத் தாள்களை, இயக்கத்தை முன்னின்று நடத்திய கேட் ஷெப்பர்ட் ஒன்றோடொன்று ஒட்டி, துடைப்பக் கம்பு ஒன்றில் சுற்றினார். 546 தாள்கள், ஏறக்குறைய 270 மீட்டர் நீளம். ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை நாடாளுமன்றத்தின் நடுவழியில் உருட்டிவிட, சுருள் ஓடிப்போய் எதிர்ச்சுவரில் தொப்பென்று மோதி நின்றதாம். அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று சட்டம் கையெழுத்தானது. தன்னாட்சி பெற்ற நாடுகளில் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு முதலில் வாக்குரிமை கிடைத்தது அங்கேதான்.

அந்தத் ‘தொப்’ என்ற சத்தத்தை நாமும் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஒருபக்கம் அச்சாகி வீணான தாள்களை அச்சகத்து நண்பர் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். பசை காய்ச்சியவர் எங்கள் பொருளாளர். கணக்கில் புலி என்றாலும் அன்று தண்ணீரின் அளவு தப்பிவிட்டது. முதல் சுருள் மறுநாள் காலையில் ஒரே கட்டையாக இறுகிக் கிடந்தது, பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. நூலகத்துக்குப் புத்தகம் பைண்டு செய்து கொடுப்பவர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார், பசையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் விளிம்பில் பசை, அதன்மேல் அடுத்த தாள், பிறகு உள்ளங்கையின் பக்கவாட்டால் ஒரே இழுப்பு. ஒரு சுருக்கம் விழவில்லை. அரை நாள் வேலையை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். நாற்பது மீட்டர் தேறியது.

முதல் நாள் உருட்டிவிட்டபோது சுருள் பக்கவாட்டில் திரும்பி, நாளிதழ் அடுக்கின் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் நேராகப் போனது, சத்தம்தான் வரவில்லை. நான்காம் நாள் ஒரு சிறுமி முழு வேகத்தோடு தள்ளினாள். தொப்! கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். உருட்டிவிட வரிசையில் நின்ற பிள்ளைகள் பலர். ஒவ்வொரு முறையும் திரும்பச் சுற்றி வைத்தது இரண்டே இரண்டு பிள்ளைகள். அந்த இருவருக்கும் தனியே என் வணக்கம்.

பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் வந்தார். அவருடைய சிவப்புப் பேனா மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. ‘1918: பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை’ என்ற எங்கள் பலகையின் முன்னால் நின்று, “எந்தப் பெண்களுக்கு?” என்று கேட்டார். முப்பது வயது நிரம்பி, தமக்கோ கணவருக்கோ சொத்துத் தகுதி இருந்த பெண்களுக்குத்தான் அந்த ஆண்டு கிடைத்தது. ஆண்களுக்கு 21 வயது போதும். போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்த இளம்பெண்களில் பலர் வெளியேதான் நின்றார்கள். ஆண்களுக்கு நிகராக 21 வயதில் வாக்கு என்பது 1928இல்தான் வந்தது. அடுத்த பலகை, ஆஸ்திரேலியா, 1902. மறுபடியும் அதே கேள்வி. பூர்வகுடிப் பெண்களும் ஆண்களும் நாடாளுமன்றத் தேர்தலில் தடையின்றி வாக்களிக்க 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா, 1920. தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கறுப்பினப் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரவெல்லாம் கண் விழித்து எழுதிய பலகைகள். இரண்டாம் முறை அவர் வந்தபோது நானே தாளும் கத்தரியும் எடுத்து வைத்துக்கொண்டேன். திருத்தங்களைச் சின்னச் சீட்டுகளாக எழுதி, பழைய வரியை மறைக்காமல் அதன் கீழே ஒட்டினோம். பலகையை விடச் சீட்டுகளைத்தான் மக்கள் குனிந்து படித்தார்கள். அம்மா, நீங்கள் மூன்று முறை வந்தீர்கள். நான்காம் முறையும் வந்திருக்கலாம்.

சுவிட்சர்லாந்துப் பலகையில் மட்டும் வேறு விதமான தொல்லை. அந்த நாட்டுப் பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை பெற்றது 1971இல், அதுவும் ஆண்கள் மட்டும் வாக்களித்த பொதுவாக்கெடுப்பின் மூலம். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மண்டலத்தின் உள்ளூர் விவகாரங்களில் பெண்கள் வாக்களிக்க 1990இல் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. நாள்தோறும் யாராவது ஒருவர் வந்து, “1890 என்பது 1990 என்று அச்சாகிவிட்டது, திருத்துங்கள்” என்பார். கடைசியில் ‘எழுத்துப் பிழை அல்ல’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். அக்கறையோடு வந்து சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி.

சென்னை மாகாணம், இலங்கை ஆகிய இரண்டையும் தயாரித்தவர்கள் இரு கல்லூரி மாணவிகள். 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், அதே ஆண்டு சரோஜினி நாயுடு தலைமையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்த பெண்கள் குழு, 1921இல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்கு வழங்கியது, அந்தச் சபையின் துணைத் தலைவராக முத்துலட்சுமி ரெட்டி அமர்ந்தது என்று வரிசையாக வைத்தார்கள். ஆசிரியை கேட்பதற்கு முன்பே, 1921க்கு நேரே ‘சொத்து இருந்தவர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். பக்கத்திலேயே இலங்கை, 1931. பெரும்பாலோரிடம் சொத்து, படிப்பு எதுவும் கேட்காமல் 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு. பிரிட்டனில் அந்த நிலை வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி, வாக்காளர் உதவி மேசை. நான்கு சனிக்கிழமைகள் போட்டோம். அதன் பின்சுவரில் ஒரே ஒரு தாள்தான் தொங்கியது. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, பல பகுதிகளில் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே எழுதச் சொன்னார்கள். பெயரில்லாமல் பட்டியலில் வைக்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறக்குறைய எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேர் அந்தக் காரணத்தால் நீக்கப்பட்டார்கள். அவர் செய்தது சரியா என்று மேசையைச் சுற்றி நின்று வாதாடியவர்களுக்கும் நன்றி. எனக்கு இன்னும் இரண்டு மனம்தான். அந்தத் தேர்தலில் அவர்களுடைய வாக்கு போனது போனதுதானே!

மூன்றாம் சனிக்கிழமை ஒரு பாட்டி தம் பேரனோடு வந்தார். பட்டியலில் விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மேசையில் இருந்த தோழி, “உங்கள் பெயர் என்னம்மா?” என்று கேட்டார். பேரன் முந்திக்கொண்டு தாத்தாவின் பெயரைச் சொல்லி, “அவருடைய மனைவி என்று பாருங்கள்” என்றான். தோழி பேனாவை மூடி வைத்தார். நாற்காலியைப் பாட்டியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையால் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு சொன்னார். மூன்றெழுத்துப் பெயர்.

“பாட்டி, உங்கள் பெயர் அதுவா?” என்றான் பேரன்.

பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது, ஓர் எழுத்து மாறி. திருத்த விண்ணப்பத்துக்கு ஒவ்வோர் எழுத்தாக அவரே சொன்னார். முதல் எழுத்து குறிலா நெடிலா என்று தோழி கேட்டபோது, “நெடில். நன்றாக இழுத்து எழுதுங்கள்” என்றார். இப்போது குரல் வரிசையின் கடைசி வரை கேட்டது. அவசரப்படாமல் காத்திருந்த அந்த ஏழெட்டுப் பேருக்கும், பேனாவை மூடிய தோழிக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

புதிதாகப் பெயர் சேர்க்க வந்தவர்கள் நாங்கள் நினைத்ததை விடக் குறைவு. வீடு மாறியும் பழைய முகவரியிலேயே பெயர் கிடந்தவர்கள், திருமணத்துக்குப் பிறகு இரண்டு இடங்களில் பெயர் இருந்தவர்கள், ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு விதமாகப் பெயர் எழுதப்பட்டவர்கள்தான் அதிகம். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை மேசையில் உட்கார்ந்த பிறகே கண்டோம். தேர்தல் பதிவு அலுவலகத்தில் எங்களுடைய ஓயாத கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்ன அந்த எழுத்தருக்கு நன்றி. “அதே கேள்வியைப் போன வாரமும் கேட்டீர்கள்” என்று ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

கட்சிச் சின்னம் பொறித்த பேட்ஜை வாசலிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு மணி நேரம் பெஞ்சுகள் தூக்கிய ஐயாவுக்கு நன்றி. போகும்போது மறக்காமல் குத்திக்கொண்டார். “யாருக்குப் போடலாம் என்று ரகசியமாகவாவது சொல்லுங்கள்” என்று விடாமல் கேட்ட அக்காவுக்கும் நன்றி. சொல்ல மாட்டோம் அக்கா, அடுத்த முறையும் மாட்டோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மனைவியரை மேசைக்கு அனுப்பிய கணவர்கள், தங்களுக்கும் நன்றி உண்டா என்று கேட்டனுப்பியிருக்கிறார்கள். உண்டு. ஆனால் இதே வேலையை மனைவியர் செய்தபோது அவர்கள் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

சைகை மொழியில் பேச்சுகளை உடனுக்குடன் பெயர்த்துச் சொன்னவர், இரண்டு நாளும் வண்டியில் பலகைகளை ஏற்றி இறக்கியவர், இருட்டிய பிறகு எங்களுக்காக விளக்கணைக்காமல் காத்திருந்த நூலகக் காவலர், எல்லோருக்கும் நன்றி.

சுருள் இப்போது நூலகத்தின் அலமாரி மேல் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் கொடுப்போம், திரும்பச் சுற்றித் தர வேண்டும். பொருளாளர் பசை காய்ச்சிய பாத்திரத்துக்கு உரியவர் தயவுசெய்து வரவும். தேய்த்து வைத்திருக்கிறோம், முழுதும் போகவில்லை. கடைசிச் சனிக்கிழமை பட்டியல் பார்த்தவர்களில் ஒருவர் தம் மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறார். கறுப்புச் சட்டம், இடது கால் நூலால் கட்டியது. நூலகரிடம் இருக்கிறது. பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
குழுவின் செயலாளர்