குஞ்சுகளை வெளியே விடுவதற்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முன் நம் கடையில் மூன்று வாரக் கோழிக்குஞ்சுகளை வாங்கிச் சென்ற சில வீடுகளில் பாதிக்குமேல் இறந்துவிட்டன. அந்தச் செய்தி ஆவடி, அம்பத்தூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. "தடுப்பு மருந்து போடாத நோய்க்குஞ்சு" என்று அதில் ஒரு வரி. அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, 14ஆம் நாள் கம்போரோ என்ற நோய்க்குத் தடுப்பு மருந்து. மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வந்து, ஒவ்வொரு குஞ்சாகக் கையில் பிடித்துப் போடுகிறோம். எல்லாம் தேதியோடு நோட்டில் இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் காட்டுவேன். வெள்ளைக்கழிச்சல் என்றால் எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகும், கழுத்துத் திருகிக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய படங்களில் அப்படி எதுவும் இல்லை. எல்லாப் படத்திலும் மாடியின் ஈர மூலையில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. குளிர் தாங்காமல் ஒண்டியிருக்கின்றன, அடியில் சிக்கியவை மூச்சுமுட்டி இறந்திருக்கின்றன.

முதல் வாரம் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். அப்படிப் பார்த்தால் மூன்றாம் வாரத்தில் 85. நம் ஊரில் மழை இரவுகளில் 75-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இறக்கையிலும் வாலிலும் இறகு முளைத்ததைப் பார்த்து வளர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அடிவயிற்றில் இன்னும் பஞ்சுதான் இருக்கும், நனைந்தால் அதில் சூடு நிற்காது.

இதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் எடுத்துச் சொல்லிக் குஞ்சைக் கொடுத்தவர், ஒன்பது ஆண்டுகள் நம்மோடு இருந்த பையன். ஐப்பசியில் அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். தீபாவளிக் கூட்டத்தில் நான் தனியாக நின்றேன், பலருக்குச் சொல்லாமலே அட்டைப்பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அது என் தவறு, மன்னிக்க வேண்டும்.

இப்போது சொல்கிறேன். நான்காம் வாரத்தில், வெயில் ஏறிய பிறகு ஒரு மணி நேரம் மட்டும் வெளியே விடுங்கள். மறுநாள் இரண்டு மணி நேரம். மாலைக்குள் சூட்டுக்காகப் போட்ட பல்புக்கு அடியில் திரும்பிவிட வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கிக்கொண்டால் குளிர்கிறது என்று பொருள்; அலகைத் திறந்தபடி ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். சித்திரையில் இதற்கு நேர்மாறாக, மொட்டை மாடித் தரையே கொதிக்கும். உடம்பு முழுக்க இறகு மூடிய பிறகே, அதாவது ஆறாம் வாரத்தையொட்டி, இரவில் வெளியே விடலாம். அப்போதும் மேலே தகரமும், தரையில் காய்ந்த உமியும் வேண்டும். ஈர மண்ணில் விட்டால் இரத்தக்கழிச்சல் வரும். காக்கைக்கும் பூனைக்கும் மேல்பக்கம் வலை கட்டுங்கள். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டாம். வீட்டில் பெரிய கோழிகள் இருந்தால் சேர்த்து விட்டுவிடாதீர்கள், கொத்திவிடும். இரண்டு வாரமாவது வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்துப் பழகட்டும்.

இனி ஐந்து வாரம் முடிந்த குஞ்சுகளையே தருவோம். தீவனச் செலவும் மின்கட்டணமும் சேர்வதால் குஞ்சுக்கு 40 ரூபாய் கூடும்.

வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்த பிறகும் திருமுல்லைவாயல் வரை வந்து, "அக்கா, உங்கள் குஞ்சுதான் வேண்டும்" என்று கேட்டு நின்றவர்களை நான் மறக்கமாட்டேன். முதல் ஆண்டு வாங்கிய சிறுவிடைக் கோழியின் பேத்திகளைக் கூடையில் கொண்டுவந்து காட்டிய பட்டாபிராம் அம்மாவுக்கு என் நன்றி.

மழை விடும்வரை, இளங்குஞ்சு வைத்திருப்பவர்கள் இங்கே கொண்டுவந்து விடலாம். பல்புக்கும் தீவனத்துக்கும் காசு வேண்டாம். கூடையில் துணி விரித்து, மேலே மூடி, மழை இல்லாத நேரமாகப் பார்த்து வாருங்கள். கடை காலை 7 மணிக்குத் திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் கோழிக்குஞ்சுக் கடை,
திருமுல்லைவாயல்