பனியாறு குவித்த மேடுகளையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, மலைகளில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்களான பனியாறுகள் பற்றிய கட்டுரை அருமை. யு வடிவப் பள்ளத்தாக்கு, கொம்புச் சிகரம், கடல்நீர் புகுந்த பள்ளத்தாக்கான ஃபியார்டு என்று பனியாறு குடைந்த வடிவங்கள் எல்லாம் படத்தோடு வந்துவிட்டன. ஆனால் குடைந்தெடுத்த கல்லும் மண்ணும் எங்கே போயின? அந்தப் பாதிக் கதை விடுபட்டுவிட்டது. என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு சிறு விளக்கமும் தேவை. பாறையைப் பனிக்கட்டி மட்டும் தனியாகத் தேய்ப்பதில்லை. அதன் அடியில் உறைந்து ஒட்டிய கற்கள்தான் உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன. விரிசல்களில் புகுந்த நீர் உறைந்து பாறையைப் பாளம் பாளமாகப் பெயர்ப்பதும் உண்டு.

இந்தக் கல்லும் மண்ணும் பனியாற்றின் ஓரங்களிலும் முனையிலும் மொரைன் எனும் மேடாகக் குவிகின்றன. ஆறு தன் வண்டலைப் பருமன் வாரியாகப் பிரித்துப் போடும். மொரைனில் களிமண்ணும் வீடளவு பாறையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இந்த மேடுகளில் சில ஆபத்தானவை. ஆனால் எல்லா மொரைனும் ஆபத்தானது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் லாங் ஐலண்டு தீவில் உள்ள மேடுகளும் இப்படிக் குவிந்தவைதான், மக்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள்.

சிக்கல் உயர்ந்த மலைகளில். பனியாறு பின்வாங்கும்போது அதற்கும் முனை மொரைனுக்கும் நடுவே உருகுநீர் தேங்கி ஏரியாகிறது. அந்த நீரைத் தாங்கி நிற்பது இறுகாத மண்மேடு. சில இடங்களில் உள்ளே பனிக்கட்டியும் புதைந்திருக்கும். அது உருகினால் கரை தாழ்ந்துவிடும். பெருவில் 1941 டிசம்பரில் பால்காகோச்சா ஏரியின் மொரைன் உடைந்து, உவாராஸ் நகரத்தில் பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. சிக்கிமில் 2023 அக்டோபரில் தெற்கு லோனாக் ஏரிக்குள் பக்கவாட்டு மொரைன் சரிந்து விழுந்தது. எழுந்த அலை முன்கரையை உடைத்தது. கீழே தீஸ்தா ஆற்றின் சுங்தாங் அணையே அடித்துச் செல்லப்பட்டது.

சரி, செய்வதற்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. நேபாளத்தில் 2016-ல் இம்ஜா ஏரியின் மொரைனில் கால்வாய் வெட்டி, நீர்மட்டத்தை 3 மீட்டருக்கும் மேல் குறைத்தார்கள். ஏரிக்குக் கீழே வாழும் ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அடுத்த இதழிலாவது மொரைன் ஏரி ஒன்றின் குறுக்குவெட்டுப் படத்தைப் பெரிதாக வெளியிடுங்கள். மேடு எங்கே, பனி எங்கே, நீர் எங்கே என்று மாணவர்கள் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை