காதல் தடங்கள் ஏன் நம்பும்படி இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியில் கதை எழுதும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விஷுவல் நாவல்களில் காதல் தடங்கள் ஒட்டாமல் நிற்பதற்கு வசனம் சரியில்லாததே காரணம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. வசனத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்தக் குறை தீராது. கதாபாத்திரத்தின் மனசை விளையாட்டு எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

விஷுவல் நாவல் என்பது படம், வசனம், இசையோடு நகரும் கதை. ஆங்காங்கே நாயகன் என்ன சொல்வது, என்ன செய்வது என்று வாசகரே தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் பொதுப் பகுதி வரும். தேர்வுகளைப் பொறுத்து, பிறகு நாயகிகளில் ஒருவரின் தனித்தடத்துக்குள் கதை நுழையும். அவரோடான காதலைச் சொல்லும் அந்தப் பகுதிதான் காதல் தடம். 1994-இல் ஜப்பானின் கொனாமி வெளியிட்ட 'டோக்கிமெக்கி மெமோரியல்' இதற்கு நெருங்கிய உறவுக்கார விளையாட்டு. அதில் பிரியத்துக்குப் பின்னால் எண்கள் ஓடும். ஒரு பெண்ணை நெடுநாள் கண்டுகொள்ளாமல் விட்டால் வெடிகுண்டுக் குறி தோன்றும். அது வெடித்தால் மற்றப் பெண்களிடமும் நாயகனின் மதிப்பு சரியும். புறக்கணிப்புக்கு ஊரில் பேச்சு எழும் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள். புதிதாக எழுத வருகிறவர்கள் அந்த யோசனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனிமையாகப் பேசினால் இரண்டு புள்ளி, பரிசு கொடுத்தால் மூன்று, பத்தைத் தொட்டால் காதல் என்று வைத்தால், டீ வாங்கிக் கொடுத்ததும் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கூட இருந்ததும் ஒரே உண்டியலில் விழுந்துவிடுகின்றன. நாயகனை எதனால் பிடித்தது என்று நாயகிக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. வாசகரோ மூன்று பதில்களில் எது அதிக இனிப்பு என்று பார்த்து அழுத்தப் பழகிவிடுவார். அவள் யார் என்று கவனிக்கும் தேவையே அவருக்கு இருக்காது.

எண்ணுக்குப் பதிலாக நடந்ததைக் குறித்து வைக்க வேண்டும். ஒரு தடத்துக்கு ஐந்தாறு குறிப்புகள் போதும்: ரகசியத்தைக் காத்தான், சொன்ன நேரத்துக்கு வரவில்லை, அவள் மறுத்ததை மதித்தான் என்பது போல. பின்னால் வரும் காட்சிகள் இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எண் வேண்டுமென்றால் நெருக்கத்துக்கு ஒன்று, நம்பிக்கைக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். நெருக்கம் ஏறி நம்பிக்கை ஏறாத நிலையில்தான் நல்ல காட்சிகள் பிறக்கின்றன.

ஓர் உதாரணம். கயல், வயது 24, ஜெராக்ஸ் கடையில் வேலை. அப்பா வாங்கிய கடனில் வீடு போனது. யாரிடமும் கைநீட்டுவதில்லை என்பது அவள் வைராக்கியம். தொலைநிலைப் படிப்புக்குக் கட்ட வேண்டிய பணத்தில் 4,000 ரூபாய் குறைகிறது. நாயகன் முன் மூன்று பதில்கள்: 'நான் கட்டிடறேன், அப்புறம் பாத்துக்கலாம்.' 'கடைசித் தேதி என்னைக்கு?' அல்லது மௌனம். புள்ளிக் கணக்கில் முதல் பதிலுக்குத்தான் பரிசு. கயலுக்கோ அது பழைய காயத்தில் கை வைப்பது. 'வேணாங்க' என்று அவள் சொன்ன பிறகும் அவன் ரகசியமாகக் கட்டிவிட்டால் தடத்தை மூடிவிடாதீர்கள். அடுத்த இரண்டு காட்சிகளில் அவள் வருவாள், பேசுவாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். மூன்றாவதில் 500 ரூபாய் வைத்த கவரை மேஜைமேல் வைத்து, 'முதல் தவணை' என்பாள். எந்த எண்ணும் குறைந்ததாகத் திரையில் காட்ட வேண்டாம்.

இதற்கு முன்னேற்பாடு அவசியம். நல்லதாகத் தெரியும் பதில் தப்பாகப் போகும் இடத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு தடயங்கள் இருக்க வேண்டும். ஒன்று பொதுப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும். டீக்கடையில் இரண்டு ரூபாய்ச் சில்லறையைத் தேடிப்பிடித்துத் திருப்பிக் கொடுப்பது ஒன்று. மழை நாளில் கடைக்காரர் ஆட்டோவுக்குத் தந்த பணத்தை மறுநாளே கொண்டுவந்து வைப்பது இன்னொன்று. இவை இல்லாவிட்டால் வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். அந்தக் கோபம் நியாயமானது.

நாயகன் இல்லாத நேரத்திலும் அவளுக்கென்று ஒரு வாழ்க்கை ஓட வேண்டும். தடத்தில் இரண்டு காட்சிகளாவது அவனைச் சுற்றாத பிரச்சினையில் நடக்கட்டும். ஒரு முடிவையாவது அவனைக் கேட்காமல் அவள் எடுக்கட்டும். மற்ற நாயகிகளும் தடம் பிரிந்ததும் காணாமல் போகக் கூடாது.

காதலைச் சொல்வதோடு கதையை முடிப்பதும் பெரிய பிழை. 12 காட்சிகள் என்றால் எட்டாவது அல்லது ஒன்பதாவதில் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு வரும் முதல் சண்டைதான் அந்த உறவு உண்மையா என்று காட்டும். 2004-இல் வந்த 'க்ளனாட்' என்ற ஜப்பானிய விஷுவல் நாவல் கதையைக் கல்யாணம், வேலை, குழந்தை வரைக்கும் கொண்டுபோனது. அத்தனை நீளம் தேவையில்லை. மூன்று காட்சிகள் போதும்.

தமிழில் எழுதும்போது இரண்டு தனிச் சிக்கல்கள். 'வாங்க, போங்க' எந்தக் காட்சியில் 'வா, போ' ஆகிறது என்று முதலிலேயே நிர்ணயித்துக் குறித்துக்கொள்ளுங்கள். காட்சிகளை முன்பின்னாக எழுதினால் ஆறாவதில் 'நீ' என்றவள் ஏழாவதில் 'நீங்க' என்பாள். அந்த ஒரு வரியில் நெருக்கம் உடைந்துவிடும். அந்த மாற்றம் வாசகரின் தேர்வில் தொங்கினால், பின்வரும் வரிகளை இரண்டு விதமாகவும் எழுதியே ஆக வேண்டும். அடுத்தது, நாயகன் பெயரை வாசகரே தட்டச்சு செய்யும் வசதி. அருண் என்ற பெயரோடு வேற்றுமை உருபை இயந்திரம் ஒட்டினால் 'அருண்க்கு' என்று வரும். ராஜா என்றால் 'ராஜாஐ'. உருகிப் பேசும் இடத்தில் இப்படி வந்தால் சிரிப்புதான் மிஞ்சும். பெயரை நீங்களே வைத்துவிடுங்கள், அல்லது விளியாக மட்டும் வரும்படி வாக்கியத்தை அமையுங்கள்.

விஷுவல் நாவல் உருவாக்க உதவும் ரென்பை மென்பொருளில் எழுதுகிறவர்கள் எல்லாக் குறிப்புகளையும் 'டிஃபால்ட்' கட்டளையால் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். ஒரு காட்சிக்குள் மட்டும் உருவாக்கினால், அந்தக் காட்சியைத் தொடாமல் வந்த வாசகருக்குப் பிற்பாடு அந்தக் குறிப்பைக் கேட்கும் இடத்தில் விளையாட்டு பிழை காட்டி நின்றுவிடும்.

வெளியிடும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு காட்சியில் கயலின் பெயரை அழித்துவிட்டு இன்னொரு நாயகியின் பெயரைப் போட்டுப் படியுங்கள். காட்சி அப்படியே பொருந்தினால் திருப்பி எழுதுங்கள். பிறகு, கதை தெரியாத மூன்று பேரை விளையாட விட்டு, காதலைச் சொல்லும் இடத்தில் நிறுத்தி, இவளுக்கு இவனை ஏன் பிடித்தது என்று கேளுங்கள். 'நல்லவன், அதனால்' என்று மூவரும் சொன்னால் தடம் இன்னும் தயாராகவில்லை. நடந்த ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு, 'அன்னைக்கு அவ வேணாம்னு சொன்னப்ப அவன் விட்டுட்டான்ல' என்று ஒருவராவது சொல்லும்வரை எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்