கோயில் மண்டபத்துக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு,

சிலரே சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய அறையிசைக்கும் இன்று எழுதப்படும் புதிய இசைக்கும் துணைநிற்கும் வட்டார அமைப்புகள் நிதியின்றித் தவிப்பது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். நிதி வேண்டும், சரி. ஆனால் அந்த இசை டர்பன் நகர அரங்குகளை விட்டு வெளியே வருவதும் அதே அளவுக்கு வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் கோயில் மண்டபத்தில் அறையிசைக் கலைஞர் நால்வர் வாசித்தார்கள். செல்லோ என்ற பெரிய நரம்புக் கருவியின் கூர்முனை வழுக்காமலிருக்கப் பழைய சாக்கு ஒன்றை விரித்தோம். தரையில் அமர்ந்து கர்நாடக வயலின் கற்கும் என் பேத்தி, நாற்காலியில் அமர்ந்து அதே வயலினை வாசித்தவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் ஒரு மாதம் வீட்டில் அதே பேச்சுதான்.

1983இல் தொடங்கிய குவாசுலு-நேட்டால் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு போன்ற அமைப்புகள், மிருதங்கமும் வயலினும் சேர்ந்த புதிய படைப்புகளை எழுதச் செய்து, ஆண்டுக்கு ஒன்றையாவது டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி மண்டபங்களில் அரங்கேற்ற வேண்டும்.

ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்