பில்சனில் ஓவியம் இருக்கிறது, வரைந்த மக்கள் இருப்பார்களா?

சிகாகோ நகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமைகளில் பிங்க் லைன் ரயிலேறி 18ஆம் தெரு நிலையத்தில் இறங்குவது என் பல வருடப் பழக்கம். மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த பில்சன் பேட்டையின் ஓவியங்கள் அந்த நிலையத்தின் படிக்கட்டிலேயே தொடங்கிவிடும். தெருவுக்கு வந்தால் கார்னிடாஸ் கடை வாசலில் வரிசை நிற்கும். வெந்த பன்றிக்கறியைப் பலகையில் வைத்து வெட்டி, பவுண்டு கணக்கில் நிறுத்து, சூடான டார்ட்டியா ரொட்டியோடு கட்டித் தருவார்கள். வரிசையில் பாட்டி ஸ்பானிஷில் கேட்பார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், மொழி மட்டும் தமிழ். அதனால்தானோ என்னவோ, இந்தப் பேட்டையோடு ஒட்டிக்கொண்டுவிட்டேன்.

பில்சன் என்று பெயர் வைத்தவர்கள் செக் நாட்டிலிருந்து வந்தவர்கள். 1892இல் எழுந்த தாலியா ஹால் என்ற அரங்கம் இன்றும் அவர்கள் பேர் சொல்லி நிற்கிறது. 1960களில் பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காகப் பக்கத்துப் பகுதியிலிருந்து கிளப்பப்பட்ட மெக்சிகோ குடும்பங்கள் பலவும் இங்கேதான் வந்து சேர்ந்தன. அன்று அவர்களைக் கிளப்பியது இந்த நகரம். இன்று கிளப்புவது வாடகை.

காசா அஸ்ட்லான் என்ற சமூக மையம் இருந்த கட்டடத்தை வாங்கியவர்கள், பல பத்தாண்டுகளாக அங்கிருந்த சுவரோவியத்தின் மேல் 2017இல் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். ஊரே கொதித்தது. முன்பு அதை வரைந்த ரே பட்லானே திரும்பி வந்து புதிதாக வரைந்தார். சுவருக்கு ஓவியம் திரும்பிவிட்டது, உள்ளே இருந்த அந்த மையம் திரும்பவில்லை.

இந்தப் பகுதியை, பழைய கட்டடங்களை இஷ்டப்படி மாற்ற முடியாத பாரம்பரிய வட்டாரமாக அறிவிக்கும் திட்டத்தை 2020இல் மன்றம் நிராகரித்தது. பழுது பார்க்கும் செலவு எகிறும் என்று வீட்டுக்காரர்களே பயந்தார்கள், ஆகவே அந்த முடிவு சரி. ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்யப்போகிறீர்கள்?

18ஆம் தெருவும் பியோரியா தெருவும் சேரும் இடத்தில் நகரம் வாங்கிய நிலம் இருக்கிறது. அங்கே வரும் வீடுகள் பில்சனிலேயே வாழ்ந்து, வாடகை தாங்காமல் தவிப்பவர்களுக்கு முதலில் கிடைக்கட்டும். வாடகையை இங்குள்ள கூலிக்காரர் வருமானத்தை வைத்துக் கணக்கிடுங்கள், நகரம் முழுக்கச் சேர்த்த சராசரியை வைத்து அல்ல.

இலையுதிர் காலத்தில் ஒருமுறை ஹாரிசன் பூங்காவில் இருக்கும் மெக்சிகோ கலை அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. இறந்தவர்களுக்குப் படையல் வைத்திருப்பார்கள்: செண்டுப்பூ, ரொட்டி, மெழுகுவர்த்தி, நடுவில் ஒரு தாத்தாவின் போட்டோ. அப்புறம் வெளியே வந்து, அந்தத் தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அன்புடன்,
18ஆம் தெருவுக்கு வந்துபோகும் ஒரு தமிழர்